கையில் ஓர் இடம், கண்ணில் அடுத்த சுற்று: பிளஸ் டூவுக்குப் பின் காத்திருக்கும் பெற்றோரோடு பள்ளி

பிளஸ் டூ முடிவு வெளியாகும் நாளில் பள்ளி வளாகம் நிறைந்திருக்கும். மதிப்பெண், தேர்ச்சி விழுக்காடு, வாழ்த்து, இனிப்பு என்று அன்றைய பொழுது ஓடிவிடும். அடுத்த நாளிலிருந்து ஏறத்தாழ மூன்று மாதங்கள் அந்த மாணவர் நம் வருகைப் பதிவேட்டிலும் இல்லை. எந்தக் கல்லூரியின் பதிவேட்டிலும் இல்லை. அந்த இடைவெளியில் பிள்ளையைப் பற்றிய முடிவுகளை எடுப்பவர்கள் பெற்றோர். அவர்களுள் பலர் கல்லூரி வாசலையே மிதிக்காதவர்கள்.

2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி உயர்கல்வியில் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47. நாட்டின் சராசரி 28.4. நாம் பெருமைப்பட வேண்டிய எண்தான் இது. ஆயினும், மீதமுள்ளவர்களில் சிலரை நாம் இழப்பது வகுப்பறையில் அன்று. இந்த மூன்று மாதங்களில்தான். தேர்ச்சி பெற்று, விண்ணப்பமும் போட்டு, ‘இன்னும் ஒன்றும் வரவில்லை’ என்று காத்திருந்து, அப்படியே வேலைக்கோ திருமணத்துக்கோ போய்விட்ட பிள்ளைகளை நம்மில் ஒவ்வொருவரும் அறிவோம். காத்திருப்பு கைவிடுதலாக மாறாமல் இருக்கப் பள்ளி பெற்றோருக்கு என்ன கற்றுத்தர முடியும் என்பதைத் தென்காசி, குற்றாலம் வட்டார அனுபவத்தைக் கொண்டு பார்ப்போம்.

ஒன்றோடொன்று பொருந்தாத நாள்காட்டிகள்

பெற்றோரின் குழப்பத்துக்கு முதற்காரணம் அவர்களின் அறியாமை அன்று. ஒவ்வொரு படிப்புக்கும் ஒரு நாள்காட்டி இருக்கிறது. அவை ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. 2025ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்வோம். பிளஸ் டூ முடிவு மே 8 அன்று வந்தது. அரசு கலை, அறிவியல் கல்லூரிகளின் கலந்தாய்வு ஜூன் முதல் வாரத்தில் தொடங்கிவிட்டது. நீட் முடிவு ஜூன் 14 அன்றுதான் வெளியானது. பொறியியல் பொதுக் கலந்தாய்வு ஜூலை 14 அன்று தொடங்கியது. மருத்துவக் கலந்தாய்வு அதற்கும் பின்னர்.

பொறியியலை விரும்பும் ஒரு மாணவியின் தந்தை, சுரண்டை அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் கிடைக்கும்போது அதை ஏற்பதா விடுவதா என்பதை ஜூன் மாதத்திலேயே முடிவு செய்ய வேண்டும். மகள் விரும்பும் படிப்பின் கதவு திறப்பதோ ஜூலையில். ‘அதுதான் வரப்போகிறதே, இது எதற்கு’ என்று அவர் விட்டுவிடுகிறார். ஜூலையில் எதிர்பார்த்த கல்லூரி அமையாவிட்டால் இரண்டும் இல்லை.

காத்திருப்பு வீட்டுக்குள் செய்யும் வேலை

குற்றாலத்தில் சாரல் விழும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் பழக்கடை, சிற்றுண்டிக் கடை, விடுதி வேலை, ஆட்டோ ஆகியவற்றை நம்பியிருக்கும் குடும்பங்களுக்குச் சம்பாத்தியக் காலம். கல்லூரிச் சேர்க்கையும் அதே மூன்று மாதங்களில்தான் நடக்கிறது. சான்றிதழ் சரிபார்ப்புக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் வியாபாரம் போகிறது. கடையில் கைமாற்ற ஆள் வேண்டும் என்பதால் முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளையே கடையில் உட்கார்கிறது. சீசன் முடியும்போது சேர்க்கையும் முடிந்திருக்கும்.

ஆலங்குளம், கீழப்பாவூர், கடையம் பக்கங்களில் பீடி சுற்றும் தாய்மாரிடம் நிலைமை வேறு. மகள் வீட்டில் இருந்தால் தட்டில் இன்னும் இருநூறு பீடி கூடும். ‘சும்மாதானே இருக்கா’ என்ற சொல் ஜூலையில் பிறக்கும். ஆவணிக்குள் யாராவது ஒரு வரனோடு வருவார்கள். கடையநல்லூர்ப் பக்கம் தந்தை வளைகுடா நாட்டில் இருப்பார். கைபேசி அழைப்பில் அவர் சொல்வதற்கும் இங்கே கடைசித் தேதி முடிவதற்கும் இடையே சில மணி நேரமே இருக்கும். பையன்களுக்குக் கேரளத்திலோ திருப்பூரிலோ ஒரு வேலை எப்போதும் தயாராக இருக்கிறது. முதல் மாதச் சம்பளம் கைக்கு வந்தபின் வரும் கல்லூரிக் குறுஞ்செய்தியை யாரும் திறப்பதில்லை.

இந்தப் பெற்றோர் எவரும் படிப்புக்கு எதிரானவர்கள் அல்லர். நிச்சயமில்லாத ஒன்றுக்காக நிச்சயமான ஒன்றை எவ்வளவு நாள் ஒத்திப்போடுவது என்பதே அவர்களின் கேள்வி. அதற்கு விடை சொல்லாமல் ‘படிக்க வையுங்கள்’ என்று மட்டும் சொன்னால் அது வெறும் அறிவுரையாகவே நின்றுவிடும்.

மூவகைக் காத்திருப்பு

பெற்றோர் ‘இன்னும் வரலை’ என்று சொன்னால், எது வரவில்லை என்று முதலில் கேட்க வேண்டும். மூன்று வகை உண்டு. மூன்றுக்கும் செய்ய வேண்டியவை வேறு வேறு.

முதல் வகை, சுற்றுக்காகக் காத்திருப்பது. பொறியியல் கலந்தாய்வு தரவரிசைப்படி பல சுற்றுகளாக நடக்கிறது. 200க்கு 140 பெற்ற மாணவருக்கு முதல் சுற்றில் அழைப்பு வராது. அவருடைய முறை பின்னால் வரும். இது மறுப்பு அன்று, வரிசை. பள்ளியில் மதிய உணவு வரிசையைப் போல என்று சொன்னால் எந்தப் பெற்றோருக்கும் புரியும்.

தற்காலிக ஒதுக்கீடு வந்தபின் செய்ய வேண்டிய தெரிவுகளைப் பெற்றோருக்கும் விளக்க வேண்டும். ‘அக்செப்ட் அண்ட் ஜாயின்’ என்றால் கிடைத்த இடத்தை ஏற்றுச் சேர்வது. ‘அக்செப்ட் அண்ட் அப்வர்ட்’ என்றால் கிடைத்ததைக் கையில் வைத்துக்கொண்டு, பட்டியலில் அதற்கு மேலே உள்ள விருப்பம் காலியானால் அதற்கு மாறச் சம்மதிப்பது. மேலே உள்ளது கிடைத்துவிட்டால் முன்னது தானாகவே போய்விடும். ‘டிக்லைன் அண்ட் அப்வர்ட்’ என்றால் கிடைத்ததை விட்டுவிட்டு வெறுங்கையோடு காத்திருப்பது. இவற்றில் எதையும் தெரிவு செய்யாமல் இருப்பதுதான் மிகவும் ஆபத்தானது. குறித்த நாளுக்குள் பதில் தராவிட்டால் ஒதுக்கீடு கைநழுவும். ‘பேசாமல் இருந்தால் பழைய இடம் அப்படியே இருக்கும்’ என்று நினைக்கும் பெற்றோர் பலர்.

இரண்டாம் வகை, காத்திருப்போர் பட்டியல். அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் சில பாடப்பிரிவுகளிலும் இது உண்டு. பட்டியலில் எத்தனையாவது இடம், எந்தப் பிரிவில், கடந்த ஆண்டு அந்தப் பிரிவில் எதுவரை இடம் கிடைத்தது என்ற மூன்றையும் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு எழுதி வரச் சொல்ல வேண்டும். 4ஆம் இடத்தில் இருப்பவர் காத்திருக்கலாம். 60ஆம் இடத்தில் இருப்பவர் அன்றே வேறு பாடப்பிரிவு பார்க்க வேண்டும்.

மூன்றாம் வகை, ஓராண்டு ஒத்திப்போடுவது. நீட் மீண்டும் எழுத, மதிப்பெண் குறைந்ததால் மனம் ஒப்பாமல், அல்லது பணம் இல்லாமல் ‘அடுத்த வருசம் பார்த்துக்கலாம்’ என்று விடுவது. இதைத் தனியே பார்க்க வேண்டும்.

ஓராண்டு காத்திருக்கலாமா?

மருத்துவம் படிக்க விரும்பும் மாணவர் மறுபடி நீட் எழுதுவதில் தவறில்லை. அத்தேர்வை எழுத இப்போது உச்ச வயது வரம்பு இல்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் இடம் பெறுபவர்களிலும் இரண்டாம் முறை எழுதியவர்கள் இருக்கிறார்கள். ஆகவே ‘வேண்டவே வேண்டாம்’ என்று ஆசிரியர் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ‘தாராளமாக’ என்றும் உடனே சொல்லிவிடக் கூடாது. பெற்றோரையும் மாணவரையும் ஒன்றாக உட்காரவைத்து ஐந்து கேள்விகளை எழுத்தில் விடையளிக்கச் சொல்லலாம்.

1. காத்திருப்பது யார் விருப்பம்? பிள்ளையுடையதா, வீட்டுடையதா?
2. இந்த ஆண்டு பெற்ற மதிப்பெண்ணுக்கும் அதே ஒதுக்கீட்டுப் பிரிவில் கடைசியாக இடம் கிடைத்த மதிப்பெண்ணுக்கும் எவ்வளவு இடைவெளி?
3. பயிற்சிக்கும் விடுதிக்கும் எவ்வளவு பணம்? அது சேமிப்பா, கடனா, நகையா?
4. பிள்ளை நாள்தோறும் எங்கே, யாரோடு, எத்தனை மணி நேரம் படிக்கும்?
5. அடுத்த ஆண்டும் கிடைக்காவிட்டால் சேரப்போகும் படிப்பு எது?

ஐந்தாம் கேள்விக்கு விடை எழுத முடியாத குடும்பம் இன்னும் முடிவெடுக்கவில்லை என்று பொருள். அந்த விடை இருந்தால், அந்தப் படிப்பில் இந்த ஆண்டே சேர்ந்துகொண்டு நீட்டுக்கும் படிக்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. பலருக்கு முடியும்.

பணம் இல்லாமல் ஒத்திப்போடுபவர்களிடம் இன்னும் கவனமாகப் பேச வேண்டும். அடுத்த ஆண்டு பணம் வரும் என்பதற்கு உறுதி ஏதும் இல்லை. பிள்ளை வேலையில் பழகிவிடும் என்பதே உறுதி. இவர்களுக்கு ஓராண்டு என்பது பெரும்பாலும் ஓராண்டோடு நிற்பதில்லை. வேலைக்குப் போயே ஆக வேண்டிய நிலையில் உள்ள மாணவருக்குத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்ற வழிகளைக் காட்டலாம். அறிவியல் அல்லது தொழிற்பிரிவு படித்தவர்களுக்குப் பாலிடெக்னிக் நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கை உண்டு. எதிலும் சேராத ஆண்டு என்ற ஒன்று இல்லாமல் பார்த்துக்கொள்வதே நோக்கம்.

மே மாதத்தில் ஒரு மணி நேரம்

முடிவு வந்த பத்து நாள்களுக்குள், குற்றாலத்தில் சீசன் சூடுபிடிக்கும் முன், பெற்றோர் கூட்டம் ஒன்றை நடத்திவிட வேண்டும். 60 நிமிடங்கள் போதும்.

முதல் 10 நிமிடங்கள்: கரும்பலகையில் அந்த ஆண்டின் நாள்காட்டி. கலை அறிவியல், பொறியியல், மருத்துவம், பாலிடெக்னிக் மற்றும் ஐ.டி.ஐ. என நான்கு பத்திகள். விண்ணப்பத்தின் கடைசி நாள், தரவரிசை நாள், கலந்தாய்வு நாள். பெற்றோர் இதைக் கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளட்டும்.

அடுத்த 15 நிமிடங்கள்: மூன்று வரிப் பயிற்சி. ஒவ்வொரு குடும்பமும் ஒரு தாளில் விரும்பும் இடம், கிடைக்கக்கூடிய இடம், உறுதியான இடம் என்று மூன்றை எழுத வேண்டும். நம் வட்டாரத்தில் மூன்றாம் வரியை நிரப்புவது கடினம் இல்லை. சுரண்டையிலும் கடையநல்லூரிலும் அரசு கலைக் கல்லூரிகள் உள்ளன. ஆலங்குளத்தில் மகளிருக்கான அரசுக் கல்லூரி உள்ளது. ஆழ்வார்குறிச்சியில் ஸ்ரீ பரமகல்யாணி கல்லூரி உள்ளது. குற்றாலத்தில் திருக்குற்றாலநாதர் கோயில் சார்பில் 1964இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி, வெளியூருக்குப் பெண்ணை அனுப்பத் தயங்கும் வீடுகளுக்கு அன்றுமுதல் ஒரு விடையாக இருந்துவருகிறது. தென்காசியிலிருந்து அது 5 கிலோமீட்டர் தொலைவுதான். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை.

உறுதியான இடத்தை ஏற்பது தோல்வியை ஒப்புக்கொள்வது ஆகாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ‘சேர்ந்துவிட்டால் கட்டிய பணம் போய்விடுமே, சான்றிதழைத் தரமாட்டார்களே’ என்பது பெற்றோரின் பெரிய அச்சம். பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட அறிவிப்பின்படி கல்லூரிகள் அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைத்துக்கொள்ளக் கூடாது. சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாள்கள் அல்லது அதற்கு முன்னதாக விலகினால் கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். அலுவலகச் செலவாக 5 விழுக்காடு வரை, மிகுதியாக ரூ.5,000, பிடித்துக்கொள்ளலாம். அதன்பின் 90, 80, 50 என்று குறைந்து, கடைசி நாளிலிருந்து 30 நாள்கள் கடந்தால் ஒன்றும் கிடையாது. மானியக் குழு சில ஆண்டுகளில் தனிச் சுற்றறிக்கையும் வெளியிடுகிறது. அந்தந்த ஆண்டுக்கு உரியதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். விலகுவதாக இருந்தால் அன்றே எழுத்தில் தெரிவிப்பது நமக்கும் நல்லது. அந்த இடத்துக்காகக் காத்திருக்கும் இன்னொரு வீட்டுக்கும் நல்லது.

அடுத்த 15 நிமிடங்கள்: பணக் கணக்கு. கல்விக் கட்டணம், விடுதி, பேருந்து, புத்தகம் ஆகியவற்றை இடப்பக்கமும் உதவிகளை வலப்பக்கமும் எழுத வேண்டும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவருக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் ரூ.1,000. 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்பவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரிக்குத் தொழிற்படிப்புகளில் கட்டணச் சலுகை உண்டு. பீடித் தொழிலாளர் அடையாள அட்டை உள்ள வீடுகளின் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் நலத்துறையின் உதவித்தொகை உண்டு; அதற்குத் தேசிய உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு பக்கமும் கூட்டிப் பார்த்தபின் பல தாய்மார்களின் முகம் மாறுவதைக் காணலாம். கடன் எவ்வளவு தேவை என்பது அப்போதுதான் தெரியும். வட்டிக்காரரிடம் போகும் முன் வங்கியின் கல்விக் கடன் பக்கம் போகவும் தோன்றும்.

அடுத்த 10 நிமிடங்கள்: ஆவணமும் கைபேசி எண்ணும். சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரிச் சான்றுகள் இ-சேவை வழியாக வரச் சில நாள்கள் ஆகும். இதைவிட முக்கியமானது, விண்ணப்பத்தில் யாருடைய கைபேசி எண் இருக்கிறது என்பது. பிரவுசிங் சென்டரில் விண்ணப்பித்தவர்களில் சிலருக்குக் கடைக்காரரின் எண்ணே பதிவாகியிருக்கும். ஒதுக்கீட்டுக் குறுஞ்செய்தி அவருக்குப் போகும். வீடு ‘இன்னும் வரலை’ என்று காத்திருக்கும். விண்ணப்ப எண், கடவுச்சொல், கைபேசி எண், மின்னஞ்சல் ஆகிய நான்கையும் ஓர் அட்டையில் எழுதி, வீட்டில் நாள்காட்டி தொங்கும் ஆணியிலேயே மாட்டிவைக்கச் சொல்லலாம்.

கடைசி 10 நிமிடங்கள்: வீட்டில் பேசும் சொற்கள்.

வீட்டில் எப்படிப் பேசுவது

காத்திருக்கும் வாரங்களில் பெற்றோரின் பதற்றம் கேள்வியாக வெளிப்படும். “ஏட்டி, பக்கத்து வீட்டுப் புள்ளைக்குக் கெடச்சிட்டுல்லா, ஒனக்கு மட்டும் என்ன?” அம்மா பயத்தில் கேட்கிறாள். மகளுக்கு அது குற்றச்சாட்டாகக் கேட்கிறது. அதே அக்கறையை, “அடுத்த சுத்து என்னைக்குன்னு பாத்தியாட்டி? நானும் கூட வாரேன்” என்று கேட்கலாம். இரண்டாம் கேள்வியில் தேதி இருக்கிறது, துணை இருக்கிறது. கூட்டத்தில் இரண்டு தாய்மாரை இதை நடித்துக் காட்டச் சொன்னால் சிரிப்போடு பதியும்.

மூன்று நடைமுறைகளைப் பெற்றோரிடம் வேண்டிக் கேட்கலாம். சேர்க்கை பற்றிய பேச்சை நாளில் ஒரு வேளைக்கு மட்டும் வைத்துக்கொள்வது. எல்லா வேளையும் சோற்றுக்கு முன் அதையே பேசாதிருப்பது. உறவினர் கேட்டால், “கலந்தாய்வு நடந்துக்கிட்டு இருக்கு, ஆடி மாசம் முடிவு தெரியும்” என்று பெற்றோரே பதில் சொல்வது, பிள்ளையைச் சொல்லவைக்காதது. செலவான பணத்தைப் பிள்ளை முன் எண்ணிக்காட்டாதது.

பிள்ளை உறக்கம் இழந்தாலோ, சாப்பாட்டை ஒதுக்கினாலோ, நண்பர்களைத் தவிர்த்தாலோ, ‘நான் உங்களுக்குப் பாரம்’ என்ற வகையில் பேசினாலோ அதை நாடகம் என்று தள்ளக் கூடாது. தனியே விடாமல் அருகில் இருக்க வேண்டும். வெளிப்படையாகக் கேட்க வேண்டும். 104 சுகாதார உதவி எண்ணும் 14416 டெலி-மானஸ் எண்ணும் இதற்காகவே இருக்கின்றன. கல்வி வழிகாட்டலுக்கு நம் துறையின் 14417 இருக்கிறது. மூன்று எண்களும் அந்த ஆணி அட்டையில் இருக்கட்டும். பெற்றோருக்கும் உறக்கம் போகும். அவர்களும் இவ்வெண்களில் பேசலாம் என்று சொல்ல மறக்கக் கூடாது.

தொடக்கப் பள்ளியில் தொடங்குவது

இது மேல்நிலை ஆசிரியர்களின் வேலை மட்டும் என்று தோன்றலாம். ஆனால் கல்லூரி வாசலில் திறக்கும் சில கதவுகள் ஐந்தாம் வகுப்பு முடியும்போதே மூடப்படுகின்றன. 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டுக்கும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களுக்கும் 6ஆம் வகுப்பு முதல் படித்த பள்ளி எது என்பது முக்கியம். ஆறாம் வகுப்புக்குத் தனியார் பள்ளி தேடும் பெற்றோரிடம், பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் அதன் பலன் என்ன, இழப்பு என்ன என்பதைத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்தான் உரிய நேரத்தில் சொல்ல முடியும்.

பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி ஆகியவை பள்ளிப் பதிவிலும் ஆதாரிலும் சாதிச் சான்றிலும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்பதை முதல் வகுப்பிலிருந்தே கவனிக்கலாம். ஜூன் மாதத்தில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்த அலையும் பெற்றோரின் நாள்களை இது மிச்சமாக்கும்.

ஆகஸ்ட் வரை ஒரு பட்டியல்

கூட்டத்தோடு பணி முடிவதில்லை. நாற்பது மாணவர்கள் உள்ள வகுப்பை ஐந்து ஆசிரியர்கள் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு எட்டுக் குடும்பங்கள். ஜூன் மூன்றாம் வாரம், ஜூலை இறுதி, ஆகஸ்ட் இறுதி என மூன்று முறை கைபேசியில் அழைத்தால் போதும். கேட்க வேண்டியவை இரண்டே: இப்போது கையில் என்ன இடம் இருக்கிறது? அடுத்த தேதி எது? முதல் கேள்விக்கு ‘ஒன்றும் இல்லை’ என்று விடை வந்தால் அந்தப் பெயரை வட்டமிட்டு, ‘உயர்வுக்குப் படி’ முகாமுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். பிளஸ் டூவில் தவறியவர்களையும் இப்பட்டியலில் சேர்க்க வேண்டும். துணைத் தேர்வில் தேர்ச்சி பெறுபவர்களுக்குப் பொறியியலில் துணைக் கலந்தாய்வும் உண்டு.

மொத்தத்தில் ஒவ்வோர் ஆசிரியருக்கும் இருபத்து நான்கு அழைப்புகள். ஆகஸ்ட் இறுதியில் அந்தப் பட்டியலில் வட்டமிட்ட பெயர் எதுவும் மிஞ்சாதிருக்குமானால், அந்த ஆண்டின் தேர்ச்சி விழுக்காடு அன்றுதான் முழுமை பெறுகிறது.